110 வோல்ட்டா, 230 வோல்ட்டா? ஒரு பழைய கணக்கு

நாகர்கோவிலிலும் இப்போது கணினி நிறுவனங்கள் வந்துவிட்டன. பீரோ உயரத்துக்கு நிற்கும் சர்வர் ரேக்குகளுக்கு எந்த வோல்ட்டில் மின்சாரம் கொடுப்பது என்று நம் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். கேள்வி புதிதல்ல. அதற்கு வயது 140-க்கு மேல்.

1882-இல் நியூயார்க்கில் எடிசன் மின்சாரம் விற்கத் தொடங்கியபோது, வீடுகளுக்கு 110 வோல்ட் கொடுத்தார். அன்றைய கரியிழை விளக்குகளுக்கு அது பொருந்தியது. ஆனால் அந்த மின்சாரம் ஓரிரு மைலைத் தாண்ட முடியவில்லை.

காரணம் நாஞ்சில் நாட்டாருக்கு எளிதில் விளங்கும். கோதையாற்றில் மின்சாரம் எடுக்கத் தண்ணீரின் அளவு மட்டும் போதாது, அது விழும் உயரமும் வேண்டும். உயரம் கூடினால் குறைந்த தண்ணீரே அதே வேலையைச் செய்யும். வோல்ட் என்பது உயரம், ஆம்பியர் என்பது தண்ணீரின் அளவு. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'ஆம்பேர்' என்பார்கள். லியோன் நகரத்து அறிஞரின் பெயர் அது. ஆம்பியர் பாதியானால் வயரில் சூடாகி வீணாவது கால்வாசியாகிவிடும்.

இதை உணர்ந்து பெர்லின் நகரம் 1899-இல் 220 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியது. பிரான்சில் அந்த மாற்றம் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் இழுத்தது. அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக்குகள் இன்றும் 120 வோல்ட்தான். நம் நாட்டில் 240 ஆக இருந்து, பின்னர் 230 ஆயிற்று. முப்பந்தல் காற்றாலைகளும் 400, 690 வோல்ட்டில் பிறக்கும் மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றித்தான் வெளியே அனுப்புகின்றன.

இனி ரேக் கணக்கு. 6,900 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 115 வோல்ட்டில் 60 ஆம்பியர், 230-இல் 30. திரீ ஃபேஸ் 400 வோல்ட் இணைப்பில் சுமையைச் சமமாகப் பிரித்தால், ஒரு ஃபேஸுக்கு 10 ஆம்பியர்தான். அப்போதும் ஒவ்வொரு சர்வருக்கும் போய்ச் சேருவது அதே 230 வோல்ட். அதே கன வயரில் வீணாகும் சூடோ, சிங்கிள் ஃபேஸில் வீணாவதில் ஆறில் ஒரு பங்கு.

சர்வர் இரவு பகலாக ஓடுவது. வயர் சூடானால் கரண்டு பில் ஏறுவதோடு தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே ரேக் வைக்கப்போகும் பிள்ளைகள், இடம் பார்க்கும்போதே அந்தக் கட்டிடத்தில் திரீ ஃபேஸ் இருக்கிறதா, எத்தனை கிலோவாட்டுக்கு அனுமதி என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெயின்ட் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.