‘புதுப்பிக்கப்பட்டது’ என்று அறிக்கை சொன்னால் போதுமா?

பீடோங் – தமிழ்ப்பள்ளி, கிளினிக், தோட்ட அலுவலகம், கூட்டுறவுக் கழகம் என எங்கு சென்றாலும் இன்று கணினிகள் உண்டு. இருபது, முப்பது கணினிகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றின் முன்னும் அமர்ந்து சோதிப்பது இயலாத காரியம். அதனால் பல அமைப்புகள் எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் நிர்வாக மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டபிள்யூ.எஸ்.யு.எஸ்., இன்டியூன் ஆகியவை அத்தகையவை. எந்தக் கணினியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஏறியது, எதில் ஏறவில்லை என்று அவை பட்டியலிட்டுக் காட்டும். ஆனால், அந்தப் பட்டியல் எப்போதும் உண்மை நிலையைக் காட்டுவதில்லை.

அறிக்கை எப்படி உருவாகிறது?

ஒவ்வொரு கணினியும் தனக்கு எது தேவை, எது நிறுவப்பட்டது என்பதைத் தானே சோதித்து, மைய சேவையகத்திற்குத் தகவல் அனுப்புகிறது. டபிள்யூ.எஸ்.யு.எஸ். முறையில், அமைப்பை மாற்றாவிட்டால், இந்தச் சோதனை ஏறக்குறைய 22 மணி நேரத்திற்கு ஒருமுறைதான் நடக்கும். ஆகவே நிர்வாகி பார்ப்பது அந்தக் கணினி கடைசியாகச் சொன்ன தகவலை. பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் அணைந்து கிடந்த கணினி, மூன்று வாரத்திற்கு முந்தைய நிலையிலேயே பட்டியலில் நிற்கும்.

எங்கே தவறுகிறது?

• மறுதொடக்கம்: புதுப்பிப்பு இறங்கியிருக்கும், ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்யும்வரை வேலை முடியாது. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இயங்கினால், தினமும் மாலையில் அணைப்பது முழுமையான அணைப்பு ஆகாது. ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பதே சரியான வழி.

• நகல் கணினிகள்: கணினிக்கூடத்தில் ஒரு கணினியைத் தயார் செய்து, அதன் பிரதியை மற்றவற்றில் ஏற்றுவது வழக்கம். அடையாள எண்ணை மாற்ற மறந்தால், பல கணினிகள் சேவையகத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

• ‘பொருந்தாது’ என்ற குழப்பம்: முன்னதாக ஏற வேண்டிய ஒரு புதுப்பிப்பு விடுபட்டால், அடுத்தது ‘இந்தக் கணினிக்குப் பொருந்தாது’ எனக் காட்டலாம். டபிள்யூ.எஸ்.யு.எஸ். ‘நிறுவப்பட்டது’, ‘பொருந்தாது’ இரண்டையும் ஒரே விழுக்காட்டில் சேர்த்துக் காட்டுவதால் குறை மறைந்துவிடுகிறது.

உலகம் கண்ட பாடம்

2017 மார்ச் 14இல் விண்டோஸ் ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12இல் அதே ஓட்டை வழியாக ‘வான்னாகிரை’ தாக்குதல் பரவியது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் 236 மருத்துவமனை அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. எச்சரிக்கைகள் முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்தன. ஆனால் அவை நிறைவேற்றப்பட்டனவா என்று உறுதிசெய்யும் முறையான ஏற்பாடு சுகாதாரத் துறையிடம் இருக்கவில்லை என அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் தெரிவித்தது.

அதே ஆண்டு அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் கடன் தகவல் நிறுவனம், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டையை 48 மணி நேரத்தில் அடைக்கும்படி மார்ச் 9இல் ஊழியர்களுக்கு உத்தரவிட்டது. மார்ச் 15இல் நடந்த சோதனை எந்தக் குறையையும் காட்டவில்லை. உண்மையில் ஒரு சேவையகம் விடுபட்டிருந்தது. அதன் வழியாகச் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்கள் திருடப்பட்டன.

அறிக்கை தரும் மென்பொருளுக்கே சிக்கல் வருவதும் உண்டு. 2025 அக்டோபரில் டபிள்யூ.எஸ்.யு.எஸ். சேவையகத்திலேயே கடுமையான ஓட்டை கண்டறியப்பட்டது. முதல் திருத்தம் முழுமையாக அடைக்காததால், 23ஆம் தேதி அவசரத் திருத்தம் வந்தது. அதை நிறுவியபின், ஒத்திசைவுப் பிழைகளின் விவரங்களைக் காட்டும் வசதி தற்காலிகமாக நீக்கப்பட்டது.

என்ன செய்யலாம்?

1. பட்டியலில் ‘கடைசியாகத் தொடர்பு கொண்ட தேதி’யை முதலில் பாருங்கள். ஒரு வாரத்திற்கு மேல் பேசாத கணினியைப் புதுப்பிக்கப்பட்டதாகக் கணக்கிடாதீர்கள்.

2. அலுவலகத்தில் உள்ள கணினிகளைக் கையால் எண்ணி, பட்டியலின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் நகல் அடையாளமா, இணைக்கப்படாத கணினியா என்று தேடுங்கள்.

3. மாதந்தோறும் இரண்டு, மூன்று கணினிகளை நேரில் திறந்து, அமைப்புகள் பகுதியில் உள்ள ‘ஓஎஸ் பில்ட்’ எண்ணை மைக்ரோசாப்ட் வெளியிட்ட அண்மைய எண்ணோடு சரிபாருங்கள்.

4. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அத்தகைய கணினிகளைத் தனியாகக் குறித்து, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ப்பதா மாற்றுவதா என்று முடிவு செய்யுங்கள்.

5. பராமரிப்பைக் குத்தகையாளரிடம் விட்டிருந்தால், விழுக்காட்டை மட்டும் கேட்காமல், ஒவ்வொரு கணினியின் பெயரும் தேதியும் உள்ள பட்டியலைக் கேளுங்கள்.

மாணவர் விவரம், நோயாளிக் கோப்பு, உறுப்பினர் சேமிப்புக் கணக்கு ஆகியவை இந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன. மாதத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் இந்தச் சோதனைகளை முடித்துவிடலாம்.