கிடாருக்குள் ஒரு பேட்டரி

எலெக்ட்ரிக் கிடாருக்குள் ப்ரீஆம்ப் பூஸ்டர் புகுந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சத்தத்தில் தொடங்கி சத்தத்திலேயே முடித்துவிடுகிறார்கள். 1960களின் பின்பகுதியில் ராக் மேடைகள் பெரிதாயின. ஆம்ப்பைத் திணறடித்துக் கரகரக்க வைப்பது பாணியாயிற்று. அதற்கு பிக்கப் தரும் சிக்னல் போதவில்லை. ஆகவே பேட்டரியோடு ஒரு சர்க்யூட்டை கிடாருக்குள்ளேயே பொருத்தினார்கள் என்பார்கள். இதில் பொய்யில்லை. ஆனால் சத்தம் மட்டும்தான் வேண்டுமென்றால் நல்ல கிடாரை எதற்குக் குடைய வேண்டும்? பிரிட்டனில் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் 1960களிலேயே ஆம்ப்பின் தலைமேல் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் மைக் மாத்யூஸின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் எல்பிபி-1 என்ற சின்னப் பெட்டியை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கொண்டுவந்துவிட்டது. கடையில் கிடைத்ததை கிடாருக்குள் கொண்டுபோனதற்கு முக்கியக் காரணம் கேபிள்தான் என்பது என் வாதம்.

பாஸிவ் பிக்கப்பில் இருப்பது காந்தமும், அதைச் சுற்றிய மயிரிழைச் செம்புக் கம்பியும்தான். ஸ்ட்ராடோகாஸ்டர் பிக்கப் ஒன்றில் ஏறக்குறைய 8,000 சுற்றுகள். இண்டக்டன்ஸ் இரண்டு ஹென்றிக்கு மேல். சாதாரண கிடார் கேபிளின் கெபாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபேரட். ஆறு மீட்டர் கேபிளைச் செருகினால் இரண்டும் சேர்ந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு முகட்டை எழுப்பும். அதற்கு மேலே ட்ரெபிள் சரிந்துவிடும். கேபிள் நீள நீள முகடு கீழே இறங்கி ஒலி மங்கும். வால்யூம் குமிழைக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசம். தரையில் கிடக்கும் பெடல் இதைச் சரிசெய்யாது. சிக்னல் முதல் கேபிளைக் கடந்து அங்கே வந்து சேர்வதற்குள் போனது போனதுதான். மீந்ததைத்தான் பெடல் பெருக்கும்.

இதை முதலில் புரிந்துகொண்டு வேலையில் இறங்கியவர்களில் கலிஃபோர்னியாவின் அலெம்பிக் குழுவினர் முக்கியமானவர்கள். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவைச் சுற்றி 1969இல் உருவான நிறுவனம் அது. அவர்களுடைய ஸ்ட்ராடோபிளாஸ்டர், ஸ்ட்ராட்டின் ஜாக் தகட்டைக் கழற்றிவிட்டு அதே குழியில் உட்காரும் ப்ரீஆம்ப். பிக்கப்பைத் தொடவில்லை, சிக்னல் மரத்தை விட்டு வெளியேறும் வாசலில் மட்டும் கைவைத்தார்கள். அது சத்தத்தையும் கூட்டியது என்பதால் இந்த ஒன்றை வைத்து வாதத்தை நிறுவ முடியாதுதான். டக் இர்வின் செய்து 1979இல் கிரேட்ஃபுல் டெட்டின் கிடார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவின் கைக்கு வந்த ‘டைகர்’ கிடாரைப் பாருங்கள். டிமார்ஸியோவின் பாஸிவ் பிக்கப்கள்; அவற்றுக்குப் பின்னால் ஒரு பஃபர். அந்த பஃபர் சத்தத்தை ஒரு துளிகூடக் கூட்டுவதில்லை. பிக்கப்பைக் கேபிளிடமிருந்து பிரித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. சிக்னல் எஃபெக்ட் பெட்டிகளுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் வால்யூம் குமிழுக்கு வரும். எவ்வளவு குறைத்து வாசித்தாலும் பெட்டிகளுக்கு முழு சிக்னலே போகும். சத்தத்துக்காக மட்டும் பேட்டரியைச் சுமந்திருந்தால் இப்படியொரு சர்க்யூட்டுக்கு அவசியமே இல்லை.

எரிக் கிளாப்டன் பெயரில் ஃபெண்டர் 1988இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டில் 25 டெசிபல் மிட் பூஸ்ட் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, வோல்டேஜ் கணக்கில் ஏறக்குறைய 18 மடங்கு. ஆனால் அது எல்லா ஸ்தாயிகளையும் ஒன்றாகத் தூக்கவில்லை. மெலிந்த சிங்கிள் காயிலுக்கு ஹம்பக்கரின் கனத்தைக் கொடுக்க, நடு ஸ்தாயிகளைத் தூக்கியது. பி.சி. ரிச் கிடார்களின் பூஸ்டர்கள் வேறு ரகம். அவை உண்மையிலேயே ஆம்ப்பை உதைக்க வந்தவை. அந்த அளவில் சத்தக் கதைக்கும் இடம் உண்டு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கேபிள் தின்றுவிட்ட ட்ரெபிளை யாராவது தேடினார்களா? பலர் தேடவில்லை. 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடல், பிக்கப்போடு நேரடியாக இணைந்தால்தான் குழைகிறது. நடுவில் பஃபர் வந்தால் சிலும்புகிறது. கிடாரில் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளியவைக்கும் வித்தையும் போய்விடும். மங்கலைக் குறை என்று எண்ணாமல் சுவையாகவே பழகிவிட்டது ஒரு தலைமுறை. கிப்ஸன் 1977இல் கொண்டுவந்த ஆர்டி வரிசையில் உயர் மாடல்களுக்கு மூக் நிறுவனத்தின் சர்க்யூட் கிடைத்தது. அந்த வரிசை சில ஆண்டுகளில் ஓய்ந்தது. மியூசிக் மேன் 1976இல் ஸ்டிங்ரே என்ற ஒரே பெயரில் ப்ரீஆம்ப்போடு பேஸும் கிடாரும் வெளியிட்டது. கிடார் எடுபடவில்லை, பேஸ் இன்றும் விற்கிறது. கரகரப்பை நம்பி வாழாத பேஸ் வாசிப்பவர்களுக்குத் தெளிவு லாபமாகவே இருந்தது. நான் சொல்லும் காரணத்தை இந்த ஜோடி மறுக்கவில்லை. அந்தக் காரணம் யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் பிரித்துக் காட்டுகிறது.

பேட்டரி செத்துவிடும் என்ற புகாரைப் பெரிதுபடுத்த வேண்டாம். இந்த கிடார்களில் பொதுவாக இருப்பது ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி அதன் நடு வளையத்தில் முடியும். மோனோ பிளக்கைச் செருகினால்தான் அந்த வளையம் எர்த்தோடு சேர்ந்து சர்க்யூட் உயிர் பெறும். வாசித்து முடித்ததும் பிளக்கை உருவிவிட்டால் போதும், ஒரு 9 வோல்ட் பேட்டரி மாதக்கணக்கில் தாங்கும். உங்கள் கிடாரில் இதைப் பொருத்தலாமா என்று யோசித்தால் கேபிளின் நீளத்தை முதலில் பாருங்கள். மூன்று மீட்டர் கேபிளில் நேராக ஆம்ப்புக்குப் போகிறவருக்கு இது அநேகமாகத் தேவைப்படாது.