நுண்துளைப் பாலிமர் சவ்வுகளில் கரைப்பான்களும் ஆவிகளும்

நுண்துளைப் பாலிமர் சவ்வு என்பது 2 நானோமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள இடைவெளிகள் உடம்பு முழுக்கத் தொடர்ந்து பரவியிருக்கும் மெல்லிய படலம். இந்த இடைவெளிகளை யாரும் துளைத்து உண்டாக்கவில்லை. சங்கிலி மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாமல் போனதால் மிஞ்சிய வெற்றிடங்கள் இவை. ஆகவே உள்ளே நுழையும் கரைப்பானோ ஆவியோ அவற்றை நிரப்புவதோடு நிற்பதில்லை. சங்கிலிகளை நகர்த்தி, துளையின் அளவையே மாற்றிவிடுகிறது.

இவ்வினத்தில் மிகுதியாக ஆராயப்பட்டது பிம்-1. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பட், நீல் மெக்கியோன் ஆகியோரின் குழு 2004இல் இதைப் பற்றி அறிவித்தது. இதன் சங்கிலி ஏணி வடிவானது. கண்ணிகள் ஒற்றைப் பிணைப்பால் இணையாததால் முறுக்கிச் சுழல வழியில்லை. நடுநடுவே வரும் ஸ்பைரோ மையங்களில் இரு வளையங்கள் ஒரே கார்பன் அணுவைப் பகிர்ந்துகொண்டு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கின்றன. வளைந்தும் விறைத்தும் கிடக்கும் இத்தகைய சங்கிலிகள் எப்படி அடுக்கினாலும் இடைவெளி விடத்தான் செய்யும். நைட்ரஜனைக் கவரச் செய்து அளந்தால் ஒரு கிராம் பிம்-1இல் 700 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட உட்பரப்பு தெரிகிறது. மஞ்சள் நிறமான இப்பொருள் குளோரோஃபார்மிலும் டெட்ராஹைட்ரோஃப்யூரானிலும் கரையும். தண்ணீரிலும் மெத்தனாலிலும் கரையாது. கரைசலை ஊற்றி உலர்த்தியே படலமாக்கலாம் என்பது ஜியோலைட் போன்ற கனிமப் பொருள்களுக்கு இல்லாத வசதி.

ஆவி உள்ளே புகும்போது இரண்டு கட்டங்களைக் காணலாம். குறைந்த அழுத்தத்தில் அது ஏற்கெனவே இருக்கும் வெற்றிடங்களில் குடியேறுகிறது. துளை மிகக் குறுகலானதால் எதிரெதிர்ச் சுவர்களின் ஈர்ப்பு ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மூலக்கூறை வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. அழுத்தம் ஏற ஏற, சங்கிலிகளை விலக்கிக்கொண்டு புதிய இடம் தேடும் கட்டம் வருகிறது. அப்போது படலம் உப்புகிறது. எலிப்சோமெட்ரி என்னும் ஒளியியல் முறையில் இதை நேரடியாகவே பின்தொடரலாம். முதலில் தடிமன் அதிகம் மாறாமல் ஒளிவிலகல் எண் மட்டும் உயரும், ஏனெனில் வெற்றிடம் இருந்த இடத்தில் திரவம் வந்துவிட்டது. பிறகே தடிமன் கூடும். அழுத்தத்தைக் குறைத்தாலும் படலம் வந்த வழியே திரும்புவதில்லை. ஒரு முறை விலகிய சங்கிலிகள் உடனே பழைய இடத்துக்கு வராததால், அதே அழுத்தத்தில் முன்னைவிடக் கூடுதலான ஆவி உள்ளே தங்கியிருக்கும்.

இந்த ஒளியியல் மாற்றத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்த பயன்பாடும் உண்டு. இரு பிரதிபலிக்கும் அடுக்குகளுக்கிடையே மெல்லிய நுண்துளைப் பாலிமர் படலத்தை வைத்தால் அது குறிப்பிட்ட நிறத்தில் மின்னும்; கரிம ஆவி ஏறியதும் நிறம் மாறிவிடும். சுவாசக் கவசத்தின் கரிக்குப்பி எப்போது தீர்கிறது என்று காட்டும் குறியீட்டுக்காக 3எம் நிறுவனம் இத்தத்துவத்தை ஆராய்ந்து வளர்த்தது.

மெத்தனாலின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. குளோரோஃபார்மிலிருந்து உலர்த்திய படலத்தில் அக்கரைப்பானின் மிச்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். படலத்தை மெத்தனாலில் ஊறவைத்தால், கரையாமல் உப்பி, மிச்சத்தை வெளியேற்றிவிடும். உலர்ந்த பின் இடைவெளிகள் முன்னைவிட விரிந்திருக்கும். வாயு ஊடுருவுதிறன் பல மடங்கு உயர்வது இதனால்தான். ஆனால் கண்ணாடி நிலையிலுள்ள பாலிமர் அப்படியே இருந்துவிடாது. நாள்கள், வாரங்கள் செல்லச் செல்லச் சங்கிலிகள் மெல்ல நெருங்கி, ஊடுருவுதிறன் இறங்கும். இதற்கு மூப்படைதல் என்று பெயர். மெல்லிய படலங்கள் வேகமாக மூப்படையும். மறுபடி மெத்தனாலில் ஊறவைத்தால் இளமை பெரும்பாலும் திரும்பும். ஆகவே எந்தக் கரைப்பானில் வார்த்தது, எதில் ஊறியது, எத்தனை நாள் பழையது என்ற விவரம் இல்லாமல் தரப்படும் ஊடுருவுதிறன் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கலவைகளில் நிலைமை மேலும் சிக்கலாகிறது. மீத்தேனுடன் பியூட்டேன் கலந்து வந்தால், எளிதில் திரவமாகும் பியூட்டேன் துளைகளை முதலில் பிடித்துக்கொண்டு மீத்தேனின் வழியை அடைக்கிறது. பெரிய மூலக்கூறே வேகமாகக் கடக்கிறது. உயர் அழுத்தத்தில் கார்பன் டைஆக்சைடும் ஒரு கரைப்பானைப் போலவே நடந்து, பாலிமரை இளக்கி, பிரிக்கும் திறனைக் குறைக்கும். நீர்த்த ஆல்கஹால் கரைசலைச் சவ்வின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கத்தில் ஆவியாக இழுக்கும் ஆவியூடுருவல் முறையில் பிம்-1 தண்ணீரைவிட ஆல்கஹாலையே விரும்பிக் கடத்துகிறது.

திரவ வடிகட்டலில் ஒரு விந்தை வெளிப்பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆண்ட்ரூ லிவிங்ஸ்டன் குழு 2014இல் பிம்-1 படலங்களை மெலிதாக்கிக்கொண்டே போய் ஹெப்டேனைச் செலுத்திப் பார்த்தது. மெலிய மெலிய ஓட்டம் கூட வேண்டும். ஏறத்தாழ 140 நானோமீட்டர் வரை அப்படியே கூடியது. அதற்கும் கீழே குறையத் தொடங்கியது. மிக மெல்லிய படலத்தில் சங்கிலிகள் இறுகி நெருங்கிவிடுவதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

உப்பலைக் கட்டுப்படுத்த முக்கிய வழி குறுக்குப்பிணைப்பு. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் வெற்றிடத்தில் சூடேற்றினால் பிம்-1இன் நைட்ரைல் தொகுதிகள் தமக்குள் பிணைந்துகொள்ளும்; பிறகு அது குளோரோஃபார்மிலும் கரையாது. மற்றொரு வழி சங்கிலியையே மாற்றி அமைப்பது. ஜார்ஜியா டெக், இம்பீரியல் கல்லூரி, எக்ஸான்மொபில் ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்த ஸ்பைரோ வகைப் பாலிமர் சவ்வுகள், லேசான கச்சா எண்ணெயைக் கொதிக்கவைக்காமலே, அதிலுள்ள சிறிய ஹைட்ரோகார்பன்களைச் செறிவூட்டிப் பிரித்தன.