கருமணலும் பிசின்மணலும்

இரும்பு வார்ப்பின் வரலாற்றை எழுதியோர் உலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு மணலைப் பற்றிப் பேசினாரல்லர். 1707ஆம் ஆண்டில் பிரிஸ்ரல் நகரத்து ஏபிரகாம் டார்பி பெற்ற ஆக்கவுரிமை, இரும்புப் பானைகளைக் களிமண் அச்சின்றி மணலிலேயே வார்க்கும் முறைக்குரியது. 1709இல் கோல்புறூக்டேலில் அவர் கற்கரி கொண்டு இரும்புத்தாதை உருக்கியமை பாடநூல்களில் இடம்பெற்றது. மலிவான பானையை மக்களிடம் சேர்ப்பித்ததில் மணலுக்கிருந்த பங்கு பெரிதும் மறக்கப்பட்டது.

ஈரமணல் அச்சில் மணற்றுணிக்கைகளைப் பிணைப்பன சிறிதளவு களியும் நீருமே. ஆதலால், வார்ப்பை வெளியெடுத்தபின் உதிர்ந்த மணலை நீர் தெளித்துக் கிளறினால் அது மீண்டும் பிணையும். உருகிய இரும்பை அண்டிய பகுதியில் மட்டும், ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு மேல், களி தன் கட்டுநீரை இழந்து பிணைக்குந் திறனற்றுப்போகும். அதற்கு ஈடாகப் புதுமணலும் களியும் சேர்க்கப்பட்டன. மாதிரியுருவை ஒட்டிப் புதுமணல், அதன் பின்னே பட்டறைத் தரையிற் கிடந்த கரிய பழமணல் என இடுவதே வார்ப்பாளர் வழக்கம். மணலை மீட்பதற்கென்று தனியானதொரு தொழில் அங்கே வேண்டியிருக்கவில்லை.

ஈரமணல் இன்றும் பெருவழக்காக இருப்பினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனருகே வேறொரு முறை தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜேர்மனியரான யொகான்னஸ் குறோனிங், மணலைப் பீனோற் பிசினாற் பிணைத்து மெல்லிய ஓடாக அச்சமைக்க வழிகண்டார். வார்ப்பில் நுணுக்கமும் விரைவும் கைகூடின. ஆனால் இறுகிய பிசினை நீர் இளக்காது. அம்மணலை மீட்பதற்குத் துணிக்கைகளை ஒன்றோடொன்று உரசச் செய்யவேண்டும். அல்லது ஏறத்தாழ 700 பாகைக்கு மேற் சூடேற்றிப் பிசினை எரிக்கவேண்டும். முன்னர் ஒரு வாளி நீர் செய்த வேலையை எரிபொருளும் இயந்திரமும் செய்யவேண்டியதாயிற்று. கழிவு மணல் என்னும் பிரச்சினை பூதாகாரமானதற்கு இவ்விரசாயனப் பிணைப்பிகளே பெருமளவு காரணம் எனல் பொருந்தும்.

எனினும், பழைய பட்டறையைப் பொற்காலமெனக் கொள்ளுதல் தவறு. மீண்டும் மீண்டும் சூடேறிய சிலிக்காத் துணிக்கை வெடித்து நுண்டூளாகும். அதனைச் சுவாசித்தோரைச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோய் பீடித்தது. அச்சுப் பகுதிகள் ஒட்டாதிருக்கத் தூவும் பொடியிற் சிலிக்காவைப் பிரித்தானியச் சட்டவிதி தடுத்தது 1950இலேயே. மணலைச் சிக்கனஞ் செய்த கணக்கில் அந்நோயின் விலை எழுதப்படவில்லை. இக்கால மீட்புப் பொறிகளும் உரசலினால் அதே தூளைப் பிறப்பிப்பனவே. உறிஞ்சிகள் அத்தூளைத் திரட்டுகின்றன. ஆயினும் மிக நுண்ணிய அத்தூள் வார்ப்பு மணலாக மீள்வதில்லை.