கலசப்பாக்கம் – ஜவ்வாது மலை வட்டார நோக்கில் வீட்டுக்கூரைச் சூரிய மின்சக்தி (2010–2024)

முன்னுரை

ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் கலசப்பாக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தின் இவ்வூரைத் தலைமையாகக் கொண்ட சட்டமன்றத் தொகுதி, சமவெளி வேளாண் ஊர்களையும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலையூர்களையும் ஒருங்கே உள்ளடக்கியது. ஒரே அரசாணை மலையிலும் சமவெளியிலும் வெவ்வேறு பொருள் பெறுவதை இவ்வட்டாரத்தை முன்வைத்து நோக்க இயலும். 2010 முதல் 2024 வரை வீட்டுக்கூரைச் சூரிய மின்சக்தித் திட்டங்கள் யாரை முன்னிறுத்தி வகுக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பசுமை வீடு: கூரை நலத்திட்டமான காலம்

2010 சனவரியில் நடுவணரசு சவகர்லால் நேரு தேசியச் சூரிய இயக்கத்தைத் தொடங்கியது. 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது அதன் இலக்கு. அவ்விலக்கு பெரும் மின்நிலையங்களையே முதன்மையாகக் கருதியது. தமிழக அரசு 2011–12இல் அறிவித்த ‘முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்’ இதனின்று வேறுபட்டது. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என ஐந்தாண்டுகளில் 3 இலட்சம் வீடுகளைக் கட்டித் தருவது அதன் நோக்கம். ஒவ்வொரு வீடும் 300 சதுர அடிப் பரப்புடையது. தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட 1.80 இலட்சம் ரூபாயில் 1.50 இலட்சம் கட்டுமானத்திற்கும் 30,000 ரூபாய் சூரிய விளக்கமைப்பிற்கும் உரியவை. அதாவது, செலவில் ஆறில் ஒரு பங்கு ஒளிக்கென ஒதுக்கப்பட்டது. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிவறை, தாழ்வாரம் ஆகியவற்றிற்கு ஐந்து விளக்குகள் வழங்கப்பட்டன. சூரிய அமைப்பை நிறுவும் பொறுப்பு 1985இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமையைச் சார்ந்தது.

இத்திட்டத்தில் இரு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, தகுதி. ஊரக ஏழையாயிருத்தலோடு மனைப்பட்டா உடைமையும் கட்டாயம். ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினர்க்கு 29, பட்டியல் பழங்குடியினர்க்கு 1, ஏனையோர்க்கு 70 விழுக்காடு எனப் பங்கிடப்பட்டது. மாநில அளவில் வகுக்கப்பட்ட இவ்விகிதம் மலைவட்டாரத்திற்குப் பொருந்துவதன்று. பழங்குடியினரே பெரும்பான்மையாக வாழும் மலையூரின் தேவையை மாநிலச் சராசரி கொண்டு அளத்தல் இயலாது. இரண்டாவது, பராமரிப்பு. பகலில் தகடு ஆக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பது மின்கலம். தகடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். காரீய அமில மின்கலமோ சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியது. வீடு ஒருமுறை வழங்கப்படும் கொடை. மின்கலம் மீண்டும் மீண்டும் வரும் செலவு. அச்செலவை ஏற்பவர் யார் என்னும் வினா, நலத்திட்டத்தின் வடிவிலேயே பொதிந்திருந்தது.

கொள்கை 2012: கூரை மின்நிலையமான காலம்

2012இல் சென்னை நீங்கலான மாவட்டங்கள் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டுக்கு உள்ளாயின. இச்சூழலில் அவ்வாண்டு அக்டோபரில் வெளியான தமிழ்நாடு சூரியசக்திக் கொள்கை, 2015க்குள் 3,000 மெகாவாட்டை இலக்காகக் கொண்டது. அதில் 350 மெகாவாட் கூரைகளுக்கு உரியது. வீட்டு நுகர்வோர் ஆக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் ஈராண்டு 2 ரூபாய், அடுத்த ஈராண்டு 1 ரூபாய், அதன்பின் ஈராண்டு 50 காசு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. 2013 நவம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிகர அளவி முறைக்கு ஆணை பிறப்பித்தது. கூரையில் மிகும் மின்சாரம் மின்கட்டமைப்பிற்குச் செல்ல, நுகர்வில் அது கழிக்கப்பட்டது. மின்கலத்தின் இடத்தை மின்வாரியக் கம்பி பெற்றது.

இம்மாற்றம் செலவைக் குறைத்தது. எனினும் மின்கலமற்ற இணைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றால் பாதுகாப்புக் கருதித் தானும் நின்றுவிடும். மின்வெட்டின் காலத்தில் பிறந்த கொள்கை மின்வெட்டின்போது பயன்படாத அமைப்பைப் பரப்பியது என்பது இவ்வரலாற்றின் முரண். மழையிலும் காற்றிலும் கம்பி அறுபடும் மலையூர்க்கு இம்முரண் மேலும் கூர்மையானது.

இலவச மின்சாரமும் கணக்கு மாற்றமும்

2016 மே 23 முதல் வீட்டு நுகர்வோர் அனைவர்க்கும் இருமாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு தமிழகத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது இருமாதத்திற்கு 240 யூனிட் ஆக்கும். விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி அளவில் அமையும் சிற்றில்லம் நூறு யூனிட்டுக்குள் அடங்குமாயின் அதற்குச் சேமிப்பதற்குக் கட்டணமே இல்லை. மிகுதியாக நுகரும் இல்லத்திற்கோ உயர் கட்டணப் படிநிலைகள் குறைகின்றன. ஆகவே, ஏழைக்கு ஒளியாகத் தொடங்கிய கூரைத் தகடு வசதியுடையோரின் சிக்கனமாக மாறியது. 2019இல் நிகர அளவி முறை விலக்கப்பட்டது. 2021இல் வீட்டு நுகர்வோர்க்கு அது மீண்டபோது வலையமைப்புக் கட்டணமும் உடன்வந்தது. விதிகளின் நிலையாமை, இருபதாண்டு முதலீட்டை எண்ணும் நடுத்தர இல்லத்தைத் தயங்கச் செய்யத்தக்கது.

2024: மானியமும் கூரைப் பரப்பும்

2024 பிப்ரவரியில் நடுவணரசு 75,021 கோடி ரூபாயில், 1 கோடி இல்லங்களை இலக்காகக் கொண்டு ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்தைத் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். ஒரு கிலோவாட்டுக்கு நிழலற்ற 100 சதுர அடி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எனவே, உச்ச மானியம் பெறும் மூன்று கிலோவாட் அமைப்பு, பசுமை வீட்டின் முழுப்பரப்பான 300 சதுர அடியையும் வேண்டுகிறது. ஓட்டுக்கூரையும் மரநிழலும் உடைய மலைவீடு இக்கணக்கினுள் எளிதில் அடங்காது. மானியம் நிறுவிய பின்னரே வங்கிக்கணக்கில் சேர்வதால், முன்செலவும் கடன்தகுதியும் புதிய தகுதிகளாகின்றன.

முடிவுரை

பட்டா, தளமிட்ட கூரை, மின்இணைப்பு, முன்பணம் என இவ்வரலாற்றில் தகுதி படிப்படியாக உயர்ந்துள்ளது. கதிரவன் மலைக்கும் சமவெளிக்கும் ஒப்பவே காய்கிறான், வேறுபடுவது கூரையே. 2011ஆம் ஆண்டுத் திட்டம் ஏழையின் கூரையைக் கண்டது, மின்கலத்தின் ஆயுளைக் காணவில்லை. பின்வந்த திட்டங்கள் பொருளாதாரத்தைக் கண்டன, ஏழையின் கூரையைக் காணவில்லை. பராமரிப்புப் பொறுப்பை ஊராட்சியளவில் வரையறுத்து, மின்கலத்துடன் கூடிய சிற்றமைப்புகளை மலையூர்களுக்குத் தனியே வகுப்பின், இவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்யும்.