பதிவேட்டில் இல்லாத தெரு

"நர்சம்மா ஊருக்கு வந்துட்டுப் போயாச்சு" என்கிறது பதிவேடு. ஊருக்கு வந்தார், சரி. சேரிக்கு? அதற்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

2005இல் தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டம் வந்தது. 2007இல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில், மக்களே ஆஸ்பத்திரியைக் கண்காணிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மகாராஷ்டிரத்தில் கிராமத்தார் கூடிப் பேசி, அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டார்கள். எழுத்தறியாத கிழவியும் சிவப்பைக் காட்டி "ஏன்?" என்று கேட்கலாம். பொது விசாரணையில் அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிவந்தது. காலமெல்லாம் நம்மைக் கணக்கெடுத்தவர்களிடம் நாம் கணக்குக் கேட்ட இடம் அது.

ஆனா, அந்த அட்டையையும் ஊர்ச் சாவடியில உட்கார்ந்து நிரப்பினா? பச்சை விழும், நம்ம தெரு மறுபடியும் மறைஞ்சுபோகும். அட்டை சேரிக்கு வரணும். நிறத்தை நாமதான் சொல்லணும்.