ஏட்டுச் சுவடி முதல் ஆய்வேடு வரை: தமிழில் மெய்ப்புத் திருத்த மரபு

முன்னுரை

இலக்கியத் திறனாய்வுக் கட்டுரையை எழுதி முடித்த மாணவர் பலர், ஒப்படைக்கும் முன் செய்ய வேண்டிய பிழை திருத்தத்தைச் சிறு பணியாகவே கருதுகின்றனர். கருத்துச் சிறந்திருப்பின் எழுத்துப்பிழை பொறுக்கத்தக்கது என்னும் எண்ணமும் நிலவுகின்றது. தமிழ்ப் பதிப்பு வரலாறு இதனை மறுக்கின்றது. பிழை திருத்தம் பாடத்தை உறுதிசெய்யும் ஆய்வுச் செயலே என்பதை அவ்வரலாற்றின்வழி நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவடியில் எழுத்து மயக்கம்

ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், அவ்வழக்கம் கைவிடப்பட்டமையால் 'எரி', 'ஏரி' ஆகிய இரு சொற்களும் சுவடியில் ஒரே வடிவில் அமைந்தன. காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டதால் 'தாம்', 'தரம்' என்பனவும் மயங்கின. ஏகார ஓகார நெடில்களுக்குத் தனி வடிவம் தந்த வீரமாமுனிவரின் (1680-1747) சீர்திருத்தம் அச்சில் நிலைபெற்ற பின்னரே முன்னைய மயக்கம் நீங்கியது. ஆகவே, சுவடி படிப்போர் எழுத்தைக் கொண்டு பொருளை அறிந்ததோடு, பொருளைக் கொண்டு எழுத்தையும் துணிய வேண்டியிருந்தது.

அச்சும் பரிசோதனையும்

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலான அச்சு நூல்களுக்குத் தொடக்கமாக அமைந்தது. எனினும் அச்சுக் கட்டுப்பாடுகள் 1835இல் நீங்கிய பின்னரே தமிழ்ப் புலவர்களின் பதிப்புப் பணி பெருகிற்று. ஆறுமுக நாவலரின் (1822-1879) பதிப்புகள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றவை. 1887ஆம் ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தன. உ.வே.சா. அக்காலத்தில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். நூலோ சென்னையில் அச்சாயிற்று. ஒருவர் படிக்கப் பிறர் தம் ஏட்டோடு ஒப்பிடும் முறையில் பாடங்கள் ஆராயப்பட்டன.

அக்காலப் பதிப்பாளர்கள் தம் பணியைப் 'பரிசோதித்தல்' என்றே குறித்தனர். சுவடியை ஒப்பிடுதலும் மெய்ப்பைத் திருத்துதலும் அவர்களுக்கு ஒரே செயலின் இரு நிலைகள். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பை உ.வே.சா. 1907இல் திருத்தி வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தம் பதிப்பைத் தாமே மறுபடியும் சோதித்த இச்செயல் கருதத்தக்கது.

இன்றைய ஆய்வேடு

கணினி வந்த பின்னும் பழைய மயக்கங்கள் முற்றிலும் நீங்கவில்லை. 'ஔ' என்னும் ஓரெழுத்து 'ஒ', 'ள' என ஈரெழுத்தாகத் தட்டச்சிடப்படுகின்றது. கால் இட வேண்டிய இடத்தில் ரகரம் அமைகின்றது. ஓர் எழுத்துருவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகையில் கொம்புகள் இடம்பெயர்கின்றன. 'ஏரி' என்பது 'எரி' எனப் பதிவாயின் பிழைதிருத்தி மென்பொருள் அதனைச் சுட்டாது. இரண்டும் அகராதிச் சொற்களே. பாடலின் பொருள் அறிந்தவரே அப்பிழையைக் காண இயலும்.

இந்நிலையில் மாணவர் தம் கட்டுரையை மும்முறை படித்தல் நன்று. முதன்முறை, மேற்கோள்களை மட்டும் மூலப் பதிப்போடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்; துணை நூலிலிருந்து எடுத்த மேற்கோளையும் மூலத்திலேயே சரிபார்த்தல் வேண்டும். இரண்டாம் முறை, பாடல் எண், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றை நோக்க வேண்டும். மூன்றாம் முறை, ஒற்று மிகுதல், ஒருமை பன்மை இயைபு முதலியவற்றைக் காண வேண்டும். நண்பர் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க ஒப்பிடுவது பண்டைய ஏட்டு முறையின் தொடர்ச்சியே ஆகும்.

முடிவுரை

திறனாய்வு சொல்லை அடிப்படையாகக் கொண்டது. மேற்கோளில் ஓரெழுத்துத் திரியுமாயின், அதன்மேல் எழுப்பிய விளக்கமும் திரியும். அக்கட்டுரையை நம்பி எடுத்தாளும் அடுத்த ஆய்வாளரிடமும் அப்பிழை சென்று சேரும். ஏடு பெயர்த்தெழுதியோர் காலத்தில் பாடங்கள் சிதைந்தது இவ்வாறே. அச்சிதைவை நீக்கப் பதிப்பாசிரியர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். அவர்கள் மீட்டுத் தந்த பாடத்தைப் பிழையின்றி எடுத்தாளுதல் மாணவரின் முதற்கடனாகும்.